துளையில்லாத செவுள்

கண்ணாடித் தட்டில் கிடந்த ஆழ்கடல் கடற்பீச்சியின் உடம்பு ஒரு கோலிக்குண்டை விடக் கொஞ்சம்தான் பெரிது. அதன் ஒரு முனையிலிருந்து நீளமாக ஒரு காம்பு, கம்பி மாதிரி விறைப்பாக. காம்பின் அடி ஒரு சின்னக் கல்லை இறுகப் பிடித்திருந்தது. எங்கு பார்த்தாலும் சேறாகவே இருக்கும் ஆழ்கடல் தரையில் அந்த ஒரு கல்தான் அதற்குக் கிடைத்த நிலம். அதை விடாமல் பிடித்தபடியே மேலே வந்து, ஃபார்மலினில் ஊறி, என் மேசைக்கு வந்து சேர்ந்திருந்தது.

நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, வாய்க்குழாயிலிருந்து நுண்கத்தரியால் மெல்ல வெட்டிக்கொண்டே போனேன். செவுள் பையின் அடிப்பக்கத்தில் எண்டோஸ்டைல் என்று ஒரு பள்ளம் ஓடும். அதன் மேலேயே வெட்டிவிடக் கூடாது, ஓரமாக ஒதுங்கி வெட்ட வேண்டும். திறந்து, விரித்து, நாலு பக்கமும் ஊசி குத்தி, ஹீமாலம் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருந்தேன். சாயம் ஏறினால் செவுள் துளைகளின் ஓரங்கள் பளிச்சென்று தெரியும். அந்த ஓரங்களில்தான் குறுஇழைகள் கொண்ட செல்கள் நெருக்கமாக வரிசை கட்டி நிற்கின்றன. கரையோரம் வாழும் எந்தக் கடற்பீச்சியைத் திறந்தாலும் நூற்றுக்கணக்கான நீள்துளைகள் சல்லடை மாதிரி வரிசை வரிசையாக எழுந்து வரும். அந்தக் காட்சி எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது.

இதில் அப்படி ஒன்றும் எழுந்து வரவில்லை. இரத்த நாளங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி ஒரு வலை பின்னியிருந்தன. வலைக்கண்களுக்கு நடுவே வெறும் வெளி. துளை என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. சாயத்தைக் கழுவிவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தேன். அப்போதும் இல்லை.

அந்த ‘இல்லை’யைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ஆழ்கடல் கடற்பீச்சிகளை வகைப்படுத்தும் வேலையில் பாதி நாள் இதோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் கடற்பீச்சி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். விலங்கியல் புத்தகங்களில் அசிடியன் என்று படித்திருப்பீர்கள். பாறையிலோ படகின் அடியிலோ ஒட்டிக்கொண்டு, இடத்தை விட்டு நகராமல் வாழும் பை போன்ற விலங்கு. உடம்பில் இரண்டு குழாய்கள். ஒன்று தண்ணீரை உள்ளே இழுக்கும், மற்றது வெளியே விடும். தொட்டால் சுருங்கித் தண்ணீரைப் பீச்சும், பெயர் அதனால் வந்தது. உள்ளே இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருப்பது செவுள் பை. அதன் துளைகளின் ஓரத்தில் இருக்கும் குறுஇழைகள் ஓயாமல் அடித்துத் தண்ணீரை ஓட்டுகின்றன. தண்ணீர் துளை வழியே வெளியேற, உணவுத் துணுக்குகள் சளியில் ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குப் போகின்றன. உடம்பைச் சுற்றித் தோல் போல ஒரு மேலுறை. அதில் செல்லுலோஸ் இருக்கிறது, தாவரங்களில் இருக்கிற அதே செல்லுலோஸ். 1845-இல் கார்ல் ஷ்மிட் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அதைத் தயாரிக்கும் மரபணு பாக்டீரியாவிடமிருந்து இவற்றின் மூதாதைக்கு வந்து சேர்ந்தது என்பது 2004-இல் தெரிந்தது.

இப்படி ஒரு பையைப் பார்த்து அதன் சொந்தக்காரர்கள் யார் என்று ஊகிப்பது லேசான காரியமில்லை. லின்னேயஸ் இவற்றை மெல்லுடலிகளோடு வைத்தார். லாமார்க் 1816-இல் மேலுறையைக் காரணமாகக் காட்டித் தனிக் கூட்டமாகப் பிரித்து டூனிகேட்டா என்று பெயர் வைத்தார். 1866-இல் ரஷ்ய விலங்கியலாளர் அலெக்சாண்டர் கொவலேவ்ஸ்கி முட்டையிலிருந்து வரும் லார்வாவைக் கூர்ந்து பார்த்தார். தலைப்பிரட்டை மாதிரி இருந்த அதன் வாலுக்குள், முதுகெலும்புக்கு முன்னோடியான முதுகுநாண் இருந்தது, அதன் மேலே நரம்புக் குழாயும் இருந்தது. லார்வா எங்காவது ஒட்டிக்கொண்டதும் வாலும் முதுகுநாணும் கரைந்து மறைந்துவிடுகின்றன. முழு வளர்ச்சி பெற்ற விலங்கில் அவை இல்லை என்பதால் இத்தனை காலம் யாருக்கும் புலப்படவில்லை. 2006-இல் ஃப்ரெடெரிக் டெல்சுக்கும் கூட்டாளிகளும் நிறைய மரபணுக்களை ஒன்றாக வைத்து ஒப்பிட்டு, முதுகெலும்பிகளுக்கு மிக நெருங்கிய உறவு இந்த மேலுறைக் கூட்டம்தான் என்று காட்டினார்கள். அதுவரை அந்த இடம் மீன் போன்ற ஆம்ஃபியாக்சஸுக்கு என்றே பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. உருவத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆக, இந்தக் கூட்டத்தின் கதையே தொலைந்துபோன உறுப்பு கண்ணை மறைத்த கதையில்தான் தொடங்குகிறது. ஆழ்கடலில் அது இன்னும் முற்றிப்போகிறது.

ஏன் என்று சொல்கிறேன். ஃபெர்னாண்ட் லாஹில் 1886-இல் போட்ட மூன்று வரிசைகளை இன்றும் பயன்படுத்துகிறோம்: எளிய செவுள், நாளச் செவுள், மடிப்புச் செவுள். அப்ளோசோபிராங்கியா, ஃப்ளெபோபிராங்கியா, ஸ்டோலிடோபிராங்கியா என்ற நீண்ட பெயர்களுக்கு அவ்வளவுதான் பொருள். செவுள் பை தட்டையாக இருக்கிறதா, அதன் உள்பக்கம் நீளவாட்டில் நாளங்கள் ஓடுகின்றனவா, பை மடிப்பு மடிப்பாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் முதல் பிரிவு. அதற்குக் கீழே குடும்பம், பேரினம் என்று போகும்போதும் துளைகள் நேராகவா வளைந்தா, ஒரு வலைக்கண்ணுக்கு எத்தனை துளை என்றெல்லாம் எண்ணுகிறோம். இத்தனையும் செவுள் பையை நம்பி நிற்கிறது. ஆழ்கடலில் முதலில் மாறிப்போவதும் அதே செவுள் பைதான்.

நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் உணவு என்பது மேலிருந்து மெதுவாக உதிர்ந்து வரும் துணுக்குகள் மட்டுமே. குறுஇழைகளை ஓயாமல் அடித்துத் தண்ணீரை இழுக்கச் செலவாகும் சக்திக்கு ஏற்ற வரவு அங்கே கிடைக்காது. என் தட்டில் கிடந்த கியூலியோலஸ் பேரினம் அந்தச் செலவையே விட்டுவிட்டது. காம்பின் மேல் உடம்பைத் தூக்கிப் பிடித்து, அகலமான வாய்க்குழாயை நீரோட்டம் வரும் திசைக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் தானாக நுழைகிறது, வலை வழியே போகிறது, பின்னால் வெளியேறுகிறது. துளைகளும் குறுஇழைகளும் தேவைப்படாமல் போய்விட்டன.

இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தவர் வில்லியம் அபாட் ஹெர்ட்மன். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த சாலஞ்சர் கப்பல் கொண்டுவந்த கடற்பீச்சிகள் அவரிடம் போயின. 1882, 1886, 1888 என மூன்று பாகங்களாக அவர் எழுதிய அறிக்கையை நான் இன்னும் வாரம் ஒரு முறையாவது திறக்கிறேன். படங்களின் நுட்பத்தை என்னவென்று சொல்வது! துளையில்லாத இந்தச் செவுள் வலையை அவர் அப்போதே வரைந்து வைத்திருக்கிறார். அதைப் பார்த்து அவர் தடுமாறவும் இல்லை. காம்பும் வலையும் விசித்திரமாக இருந்தாலும், வாய்க்குழாயின் அடியில் இருக்கும் உணர்விழைகள் கிளை கிளையாகப் பிரிந்திருக்கின்றன, செவுளில் மடிப்புகளும் இருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு மடிப்புச் செவுள் கூட்டத்துக்குள் சேர்த்தார். இன்றைக்கும் கியூலியோலஸ் பியூரிடே குடும்பத்தில் அங்கேதான் இருக்கிறது. உணர்விழை கிளைக்காமல் தனி இழையாக இருந்தால் பக்கத்து ஸ்டையெலிடே குடும்பமா என்று யோசிப்போம். கிளைத்திருந்து, கூடவே உடம்பின் வலப்பக்கம் அவரைக்கொட்டை வடிவில் ஒரு மூடிய சிறுநீரகப் பையும் இருந்தால் மோல்குலிடே. பழகிய கை முதலில் தேடுவது இவற்றைத்தான்.

காம்பை நம்பி ஏமாறக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆழ்கடலில் காம்பு வேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுவான தேவை. சேற்றுக்கு மேலே உடம்பைத் தூக்கினால்தான் நீரோட்டம் கிடைக்கும். அதனால் உறவே இல்லாத குடும்பங்கள் தனித்தனியாகக் காம்பு வளர்த்திருக்கின்றன. கல் கிடைக்காதவை வேர் மாதிரி மெல்லிய இழைகளைச் சேற்றில் இறக்கி நிற்கின்றன. அதுவும் பல கிளைகளில் தனித்தனியாக வந்த ஏற்பாடு. ஒரே வேலைக்குப் போகிறவர்கள் ஒரே சீருடை போட்டிருப்பதைப் பார்த்து அண்ணன் தம்பி என்று சொல்லிவிட முடியுமா?

‘இல்லை’யை நம்பியதால் வந்த மிகப் பெரிய குழப்பம் சோர்பரேசியா. மென்மையான சேற்றில் வாழும் சில ஆழ்கடல் விலங்குகள் இவை. செவுள் பை கிட்டத்தட்ட முழுவதும் மறைந்துவிட்டது. தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடும் பழக்கமே இவற்றுக்கு இல்லை. வாயைச் சுற்றியுள்ள மடல்களால் சின்ன ஓடுடைய உயிரிகளையும் புழுக்களையும் பிடித்து விழுங்குகின்றன. வயிற்றைத் திறந்தால் இரை முழுசாகக் கிடக்கும். 1975-இல் பாரிஸின் க்ளோத் மொன்னியோ, ஃபிரான்ஸ்வாஸ் மொன்னியோ, ஃபிரான்ஸ்வாஸ் காய்ல் மூவரும் இவற்றை ஆராய்ந்து, இவை கடற்பீச்சிகளே இல்லை, தனி வகுப்பு என்றார்கள். வகுப்பு என்றால் பாலூட்டி, பறவை என்று பிரிக்கிற அந்த உயரமான படி. மொன்னியோ தம்பதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆழ்கடல் கடற்பீச்சிகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவர்கள் வெட்டித் திறந்து பார்த்ததுதான். ஆனாலும் அந்தத் தீர்ப்பின் பெரும் பாரம் செவுள் இல்லை என்பதன் மேல் விழுந்திருந்தது.

ஆஸ்திரேலியாவின் பட்ரீசியா காட் பிறகு அதே விலங்குகளை வேறு கண்ணால் பார்த்தார். தொலைந்ததை ஒதுக்கிவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தால், சிறுநீரகப் பை இருக்கிறது. அது மோல்குலிடே குடும்பத்தின் முத்திரை. ஆகவே இவை உணவுப் பழக்கம் மாறிப்போன மடிப்புச் செவுள்காரர்கள், தனி வகுப்பு வேண்டாம் என்றார். உடம்பை மட்டும் வைத்துச் சொன்னார். 2011-இல் மார்கோஸ் தத்தியானும் கூட்டாளிகளும் அந்தக் கூட்டத்தின் ஒரு பேரினமான ஒலிகோட்ரீமாவிலிருந்து, உறவு பார்க்கப் பயன்படும் 18எஸ் என்ற மரபணுவை எடுத்து மற்றவற்றோடு ஒப்பிட்டார்கள். அது மோல்குலிடேக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. சோர்பரேசியா என்ற வகுப்பு அதோடு காலாவதியானது.

இந்தக் கதையை மரபணு வந்து உடற்கூறைத் தோற்கடித்தது என்று சிலர் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தோற்றது உடற்கூறு கிடையாது. ஒரு உறுப்பு இல்லாததை உறவுக்கான சான்றாக எடுத்துக்கொண்ட வாதம்தான் தோற்றது. இருக்கிற உறுப்பை வைத்துப் பேசிய உடற்கூறு சரியாகவே சொல்லியிருந்தது, மரபணு வந்து அதற்குச் சாட்சி சொன்னது.

வேட்டையாடும் கடற்பீச்சிகள் இன்னொரு கிளையிலும் உண்டு. ஆக்டக்னீமிடே என்று ஒரு குடும்பம். அதில் மெகாலோடிகோபியா ஹயன்ஸ் என்ற சிற்றினத்தின் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். கண்ணாடி போன்ற உடம்பு, காம்பின் மேல் அகலத் திறந்த இரண்டு உதடுகள். வாய்க்குழாய்தான் அப்படி விரிந்து உதடாகியிருக்கிறது. இரை உள்ளே வந்ததும் மூடிக்கொள்கிறது. கலிஃபோர்னியாவின் மான்டெரே கடலடிப் பள்ளத்தாக்கின் சுவர்களில் இவை நிற்பதைத் கப்பலிலிருந்து இயக்கும் ஆளில்லா நீர்மூழ்கிகள் படம்பிடித்திருக்கின்றன. இந்தக் குடும்பத்தின் முதல் விலங்கான ஆக்டக்னீமஸும் சாலஞ்சர் பயணத்தில் கிடைத்ததுதான். அந்தக் கப்பலில் போன இயற்கையியலாளர் மோஸ்லி 1876-இல் விவரித்தார். எட்டுக் கைகள் விரித்த தட்டு மாதிரி இருந்த அதை, மேலுறைக் கூட்டத்திலேயே ஒட்டிக்கொள்ளாமல் கடலில் மிதந்து திரியும் சால்ப்புகளோடு ஹெர்ட்மன் வைத்தார். ஜப்பானில் குராபயாஷி குழுவினர் 2003-இல் மெகாலோடிகோபியாவின் மரபணுக்களைப் படித்தபோது அது நாளச் செவுள்காரர்கள் பக்கம் போய் நின்றது. சோர்பரேசியாவோடு உறவே இல்லை. இரண்டு கிளைகள் தனித்தனியாக வடிகட்டுவதை விட்டுவிட்டு வேட்டைக்கு இறங்கியிருக்கின்றன.

சுவையான ஒரு விஷயம் இதில் இருக்கிறது. 2018-இல் இரண்டு குழுக்கள் நூற்றுக்கணக்கான மரபணுக்களை வைத்துக் கூட்டம் முழுவதற்கும் மரம் வரைந்தன. மடிப்புச் செவுள் ஒரு பெருங்கிளை. எளிய செவுளும் நாளச் செவுளும் இன்னொரு பெருங்கிளை, சால்ப்புகள் இந்த இரண்டாவது கிளைக்குள்தான் வருகின்றன. அதாவது நிலையாக ஒட்டிக்கொண்டிருக்கும் மூதாதையின் வழியில் வந்த ஒரு கிளை, மிதந்து திரியப் போயிருக்கிறது. அப்படியானால் ‘கடற்பீச்சிகள்’ என்று சால்ப்புகளை விட்டுவிட்டு ஒரு வகுப்பு எழுதுவது, ஒரு வீட்டில் ஒரு பிள்ளையை மட்டும் குடும்ப அட்டையில் சேர்க்காமல் விட்டது போல ஆகிறது. ஹெர்ட்மன் ஆக்டக்னீமஸைச் சால்ப்போடு வைத்தது சரியாகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் பார்த்த ஒற்றுமை வேறு, மரம் காட்டும் உறவு வேறு. ஆனாலும் அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் கொஞ்சம் நின்றுவிடுகிறேன்.

மரபணு என்றால் ஏதோ பொத்தானை அழுத்தியதும் விடை வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆழ்கடல் மாதிரியின் செவுள் பையிலிருந்து சின்னத் துண்டு எடுத்து டி.என்.ஏ. பிரித்தேன். விலங்குகளை அடையாளம் காண வழக்கமாகப் பயன்படுத்தும் சி.ஓ.ஐ. மரபணுத் துண்டைப் பெருக்கினேன். ஜெல்லில் ஒரே ஒரு பட்டை, அழகாக, சரியான நீளத்தில். வரிசை வந்தது, ஒரு எழுத்துகூடச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சுத்தமாக இருந்தது. தரவுத்தளத்தில் ஒப்பிட்டால் கோப்பிபாட் என்கிறது. இறால், நண்டுகளுக்குத் தூரத்து உறவான நுண்ணிய ஓடுடைய உயிரி.

மிச்சமிருந்த உடம்பை எடுத்து மறுபடி நுண்ணோக்கியில் வைத்தேன். செவுள் பையின் மடிப்புக்குள், நாளத்தை ஒட்டி, வளைந்து படுத்திருந்தது. முதுகில் முட்டைப் பை புடைத்திருந்தது, உள்ளே முட்டைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. கடற்பீச்சியின் செவுளுக்குள்ளேயே குடியிருக்கும் கோப்பிபாட் குடும்பம் உண்டு என்று படித்திருந்தேன். அதன் இனத்தார் ஒருவரைத்தான் நான் சேர்த்து அரைத்திருக்கிறேன். முதலில் உடம்பை முழுவதும் பார்த்துவிட்டு அப்புறம் துண்டு எடுத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து குழாயின் தசையிலிருந்து மட்டும்தான் எடுக்கிறேன், அதுவும் பலமுறை கழுவிவிட்டு. தண்ணீரை வடிகட்டி வாழும் விலங்கின் உடம்பு முழுக்க அயலாரின் டி.என்.ஏ. தானே நிறைந்திருக்கும்.

கோப்பிபாட்டின் மரபணு ஏன் அவ்வளவு அழகாகப் பெருகியது, சொந்த விலங்கின் மரபணு ஏன் பெருகவில்லை? காரணம் இருக்கிறது. கடற்பீச்சிகளின் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்கள் அசுர வேகத்தில் மாறுகின்றன, சி.ஓ.ஐ.யும் அவற்றில் ஒன்று. மரபணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசைகூட ஒரே பேரினத்துக்குள் மாறிக் கிடக்கும். 1994 முதல் எல்லோரும் பயன்படுத்தும் பொதுவான ப்ரைமர்கள், அதாவது மரபணுவில் ஒட்டி அதைப் பெருக்கத் தொடங்கும் குட்டி டி.என்.ஏ. துண்டுகள், இவற்றில் பல சமயம் ஒட்டுவதில்லை. கடற்பீச்சிகளுக்கென்றே தனி ப்ரைமர்கள் செய்ய வேண்டி வந்தது. ஜெல்லில் பட்டை விழவில்லை என்றால் மாதிரி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. மரபணு அங்கே பத்திரமாக இருக்கும், நாம் போட்ட கொக்கியில் மாட்டியிருக்காது.

வரிசை கிடைத்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. அதைப் புரதமாக மொழிபெயர்த்துச் சரிபார்க்கும்போது, முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியா அகராதியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் நடுநடுவே முற்றுப்புள்ளிகள் விழும். ஏ.ஜி.ஏ., ஏ.ஜி.ஜி. என்ற இரண்டு மூன்றெழுத்து மரபணுச் சொற்களும் முதுகெலும்பிகளில் ‘நிறுத்து’ என்று படிக்கப்படுகின்றன. பெரும்பாலான முதுகெலும்பில்லாதவற்றில் அவை செரின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். கடற்பீச்சிகளில் மட்டும் கிளைசின். இவற்றுக்கென்றே ஒரு தனி அகராதி, அட்டவணை எண் 13. திரையில் அதைத் தேர்ந்தெடுத்ததும் முற்றுப்புள்ளிகள் எல்லாம் மறைந்து ஒரே ஓட்டமாகப் புரதம் வரும்போது ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அது தனி. அந்த எண்ணே ஒரு அடையாளம் மாதிரிதான்.

மரபணு முன்னால் போய் உடம்பு பின்னால் வந்த கதையும் உண்டு. அது ஆழ்கடல் விலங்கில்லை, துறைமுகங்களில் வாழும் சியோனா இன்டெஸ்டினாலிஸ். லின்னேயஸ் 1767-இல் பெயர் வைத்தது. உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்க்கிறார்கள். 2002-இல் அதன் முழு மரபணுத் தொகுதியும் வெளிவந்தது. பிறகு மரபணுக்களை ஒப்பிட்டபோது, இந்தப் பெயரில் இரண்டு வேறு விலங்குகள் உலவுவது தெரிந்தது. ஏ வகை, பி வகை என்று வருடக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். வகை என்று சொல்லலாம், ஆனால் பெயர் வைக்க உடம்பு வேண்டும். 2015-இல் ரிக்கார்டோ புருநெட்டியும் கூட்டாளிகளும் உட்கார்ந்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். ஒன்றின் குழாய்களைச் சுற்றி மேலுறையில் சின்னச் சின்ன மேடுகள் இருந்தன, மற்றதில் இல்லை. மேடுகள் உள்ளதற்குப் பெயர் ஏற்கெனவே இருந்தது. ஜப்பானில் டகாசி டோகியோகா 1967-இல் சியோனா ரோபஸ்டா என்று விவரித்து, பிறகு எல்லோரும் பழைய பெயருக்குள் கரைத்துவிட்ட சிற்றினம். ஏ வகை அதுதான். மரபணுத் தொகுதி வெளியானதும் அதனுடையதுதான்.

அத்தனை பேர் அத்தனை ஆய்வகங்களில் தினமும் கையாண்ட விலங்குக்கே இந்த நிலை என்றால், உலகிலேயே நாலைந்து மாதிரிகள் மட்டும் குப்பிகளில் இருக்கும் ஆழ்கடல் சிற்றினத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள். பழைய அறிக்கைகளில் ஒரே பெயர் மூன்று பெருங்கடல்களிலும் பதிவாகியிருக்கும். கடற்பீச்சி லார்வாக்கள் நீந்துவது மிகக் குறைந்த நேரம், பலவற்றில் மணிக்கணக்குதான். சாப்பிடாமல், கையிருப்பு மஞ்சள்கருவை வைத்துக்கொண்டு நீந்தி, ஒட்டிக்கொள்ள இடம் தேடுகின்றன. அப்படிப்பட்டவை அத்தனை தூரம் பரவியிருக்கின்றன என்றால் இரண்டாம் முறை பார்க்கத்தான் வேண்டும். எளிமையான உடம்பில் ஒப்பிட அடையாளங்கள் குறைவு, அதனால் வேறுவேறு சிற்றினங்கள் ஒரே மாதிரி தெரிந்துவிடும். இங்கே மரபணு இல்லாமல் நகர முடியாது. அதே சமயம், பெயர் என்பது விலங்கியல் விதிகளின்படி ஒரு அருங்காட்சியகக் குப்பியில் இருக்கும் முதல் மாதிரியோடு கட்டப்பட்டது. ஹெர்ட்மனின் மாதிரிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அத்தனை பழைய உடம்புகளிலிருந்து நல்ல மரபணு எடுப்பது மிகவும் கஷ்டம். அவற்றோடு பேச வேண்டுமென்றால் கத்தரியும் சாயமும்தான் மொழி.

அதனால் கப்பலில் இருப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். மாதிரி மேலே வந்ததும் மென்தால் கரைத்த கடல்நீரில் கொஞ்ச நேரம் விடுங்கள், இல்லையென்றால் விலங்கு சுருங்கிக் கட்டியாகிவிடும், உள்ளே எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. அப்புறம் குழாயின் ஓரத்திலிருந்து சிறு துண்டை வெட்டி எத்தனாலில் போடுங்கள், மற்றது ஃபார்மலினுக்கு. இரண்டு குப்பியிலும் ஒரே எண்ணை எழுதுங்கள், பென்சிலால். பேனா மை கரைந்துபோகும். எண் அழிந்துபோன எத்தனால் குப்பிகளை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே அருமையான டி.என்.ஏ. இருக்கும், யாருடையது என்று சொல்ல உடம்பு இருக்காது.

சரி, என் தட்டில் கிடந்த அந்த விலங்குக்கு வருகிறேன். துளைகள் இல்லை என்பது எனக்குப் பெரிய விஷயமாக இல்லை, கியூலியோலஸுக்கு அது இயல்பு. என்னை நிறுத்தியது வேறொரு ‘இல்லை’. இந்தப் பேரினத்தின் பல சிற்றினங்களில் செவுள் நாளங்களுக்குள்ளும் உடற்சுவரிலும் சுண்ணாம்பு முட்கள் இருக்கும். அவற்றின் வடிவமும் அவை எந்தெந்தத் திசுவில் இருக்கின்றன என்பதும் சிற்றினத்தைப் பிரிக்க உதவும். என் மாதிரியில் எவ்வளவு தேடியும் ஒரு முள்கூட இல்லை. முள் இல்லாத புதுச் சிற்றினம் என்று குறிப்பேட்டில் எழுதக்கூட ஆரம்பித்துவிட்டேன். பாதியில் கை நின்றது. குப்பியில் இருந்த ஃபார்மலினை ஒரு சொட்டு எடுத்து லிட்மஸ் தாளில் வைத்தேன். நீலம் சிவப்பானது. அமிலம் ஏறிய ஃபார்மலினில் சுண்ணாம்பு தங்காது, கரைந்துவிடும்.

அதே எண் போட்ட எத்தனால் குப்பி அலமாரியில் இருந்தது. குழாயின் ஓரத்தில் வெட்டிய துண்டு, நகக்கண் அளவு. அதில் பாதியை மரபணுவுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்திலிருந்து ஒரு சிட்டிகை உடற்சுவரைச் சில்லுக் கண்ணாடியில் வைத்து, ப்ளீச் திரவத்தை ஒரு சொட்டு விட்டேன். திசு நுரைத்துக் கரையத் தொடங்கியது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நுரை அடங்கியதும் தெளிவான நீரில் இரண்டு மூன்று மெல்லிய கம்பிகள் தெரிந்தன. லேசாக வளைந்து, இருபுறமும் கூர்ந்து, மேலே நுண்ணிய சொரசொரப்போடு. தட்டை நகர்த்தினேன். இன்னும் நிறைய இருந்தன. குறிப்பேட்டை எடுத்து, எழுதிய வரியை அடித்துவிட்டு, முட்களை ஒவ்வொன்றாக அளக்க ஆரம்பித்தேன்.